இரண்டாவது புட்டி

...நோட்டில் ஒன்று என்று எழுதியிருக்கிறான், வெளி ஆய்வுக்கூடத்துத் தாளிலோ பதினொன்று, அதே எண்ணெய், அதே வாரம், கெட்டுப்போன அளவைச் சொல்லும் எண் ஆறு நாளில் பத்துப் படி தாவுமா, தாவாது, எழுதினவன் கை தாவினால்தான் உண்டு... தங்கை புருஷனாயிற்றே என்று சோதனைக்கூடத்தை அவனிடம் விட்டேன், உறவு வேறு தராசு வேறு என்று அப்பா சொல்லாத நாளில்லை. மீன் எண்ணெயையும் கெட்டிக் கொழுப்பையும் கலந்து, நொதி ஏற்றிய மணிகள் நிறைந்த குழாய்க்குள் அறுபது டிகிரி சூட்டில் விடுவானாம், நொதி அங்கிருக்கும் கொழுப்பு அமிலத்தை இங்கும் இங்கிருப்பதை அங்குமாக மாற்றி உட்காரவைக்குமாம், பஸ்ஸில் சீட்டு மாற்றிவிடும் கண்டக்டர் மாதிரி. வெளியே வருவதை ரொட்டியில் தடவலாம், ஒமேகா மூன்று இருக்கும், மீன் நாற்றம் இருக்காது. இருக்காதா? மீனில் வந்தது மீனாக நாறவில்லையென்றால் எவனோ எதையோ மாற்றி வைத்திருக்கிறான்... அதே மணிகளை நாற்பது தடவை ஓட்டுகிறானே, ஓய்ந்துபோன நொதி என்ன கிழிக்கும்?

அதற்குத்தான் ஒரே சரக்கிலிருந்து இரண்டு புட்டி, ஒன்று அவன் குளிர்பெட்டியில், இன்னொன்று என் மேஜை இழுப்பறையில், சாவி என் இடுப்பில். காலையில் ஒருமுறை, சாப்பிட்டபின் ஒருமுறை, போகும்போது ஒருமுறை திறந்து, புறங்கையில் ஒரு சொட்டு, தேய்த்து, மோந்து... எங்கள் கடையில் மூக்குதான் முதலாளி. மூன்று நாள் ஒன்றுமில்லை, நாலாம் நாள் லேசாகப் பெயின்ட் வாசனை, ஐந்தாம் நாள் மீனே வந்து நின்றது. பார்த்தாயா, திருட்டு மெல்லத்தான் வெளியே வரும்! ஆறாம் நாள் அதிலிருந்துதான் வெளியே சோதனைக்கு ஊற்றிக் கொடுத்தேன். நாலு மணிக்கு ரொட்டிக் கம்பெனிக்காரர் வருகிறார், நான் கையெழுத்துப் போட்டால் சரக்கு போகும், போடாவிட்டால் இவன் இன்றோடு வெளியே, தங்கை என் முகத்தில் விழிக்கமாட்டாள், விழிக்காவிட்டால் போகிறது...

வந்துவிட்டான், வெள்ளைக் கோட்டும் அந்த அப்பாவி முகமும்.

"மாப்பிள்ளை, நோட்டுல ஒண்ணு, தாள்ல பதினொண்ணு. நடுவுல பத்து எங்க போச்சு?"

அவன் தாளைப் பார்க்கவில்லை. மேஜைமேல் இருந்த என் புட்டியை எடுத்து மூடியைச் சுற்றி விரலால் தடவினான், பழுப்பாய், வார்னிஷ் போல ஒட்டியது.

"மேல நைட்ரஜன் அடைச்சுக் கொடுத்தேன் மச்சான். காத்து பட்டா இது நாலு நாள் தாங்காது... எத்தனை தடவை திறந்தீங்க?"

"நானா? பூட்டி வச்சதை நான் எதுக்குத் திறக்கப்போறேன்?"

சொன்ன வாய் மூடுமுன் புறங்கை நாறியது, எனக்கு மட்டுமா, அவனுக்குமா? ஒரு நாளைக்கு மூன்று, ஆறு நாளைக்கு... கணக்குப் போட எனக்கா தெரியாது. மீனை உள்ளே விட்டது காற்று, காற்றை உள்ளே விட்டது...

"சரி, என்னோடதை இப்பவே அனுப்பிப் பாப்போம், நாலுக்குள்ள தெரிஞ்சிடும்" என்று போனான், குளிர்பெட்டிப் புட்டியோடு திரும்பினான், மேஜையில் வைத்தான், என் பக்கமாக இல்லை, அவன் பக்கமாக, வைத்த பிறகும் மூடிமேல் வைத்த கையை எடுக்கவில்லை... இவன் எத்தனை நாளாக என்னை நம்பாமல் இப்படி வைத்திருக்கிறான்?