மதாம் கொலெத்தின் வைன்

சனிக்கிழமை காலை ஏழு மணியிலிருந்து கிருஷ்ணராசாவுக்கு இருப்புக்கொள்ளவில்லை. லண்டன் மோர்டனில் அந்த மூன்று அறை வீட்டுக்குள் நடக்க எவ்வளவு இடம்தான் இருக்கும்? குசினியிலிருந்து வாசல், வாசலிலிருந்து குசினி. நடுவில், மாடிப்படிக்குக் கீழே இருக்கிற அலுமாரியைத் திறந்து பார்ப்பார்; மூடுவார். உள்ளே ஒரு மரப்பெட்டி, பெட்டிக்குள் மூன்று போத்தல் வைன். அதில் ஒன்றை வாங்கிப் போகப் பதினொரு மணிக்குப் பிரான்சிலிருந்து ஒருத்தி வருகிறாள். அது பழுதாய்ப் போயிருக்கும் என்ற விசயம் உலகத்திலேயே கிருஷ்ணராசா ஒருவருக்குத்தான் தெரியும்.

“என்னப்பா, குட்டி போட்ட பூனை மாதிரித் திரியிறியள்?” என்றாள் மனைவி கிரிஜா, வடைக்கு உழுந்து கழுவிக்கொண்டே. “வாறது எங்கடை எலீஸ்தானே. ஏதோ மகாராணி வாற மாதிரி.”

“மகாராணி வந்தால் பயமில்லை,” என்றார். கிரிஜா சிரித்தாள். அவர் சிரிக்கவில்லை.

எலீஸ், வொத்ரே வீட்டின் ஒரே பிள்ளை. ரோன் ஆற்றங்கரையில் ஐந்து தலைமுறையாக அந்தக் குடும்பத்துக்குத் திராட்சைத் தோட்டம். 1985இல், கையில் ஒரு பையோடும் வாயில் நாலு பிரெஞ்சுச் சொல்லோடும் அங்கே போய் இறங்கிய கிருஷ்ணராசா, பதின்மூன்று வருடம் அந்தத் தோட்டத்திலேயே கிடந்தார். மாசிக் குளிரில் விரல் விறைக்க விறைக்கக் கொடி கத்தரித்தார், நிலவறையில் பீப்பாய் கழுவினார். எலீஸின் தகப்பன் முசியே வொத்ரே வாயைத் திறந்தால் ஏச்சுத்தான். ஆனால் கிருஷ்ணராசாவின் விசாவுக்காக மூன்று தரம் வேலையைப் போட்டுவிட்டு வந்து, அரசாங்கக் கந்தோர் வரிசையில் அவரோடு கால் கடுக்க நின்ற மனுசனும் அவர்தான். பிள்ளைகள் இங்கிலீசில் படிக்கட்டும் என்று தொண்ணூற்றெட்டில் குடும்பத்தோடு லண்டனுக்கு வெளிக்கிட்டபோது, கிழவர் ஒன்றும் பேசாமல் மூன்று போத்தலை மரப்பெட்டியில் அடுக்கிக் கையில் தந்தார். எண்பத்தெட்டாம் ஆண்டு வைன்.

அது லேசுப்பட்ட வைன் இல்லை. அந்த வருடம் கிழவர் டிராக்டரிலிருந்து விழுந்து, இடுப்பு முறிந்து ஆசுபத்திரியில் கிடந்தார். பழம் அவருக்காகக் காத்திருக்குமா? மனைவி மதாம் கொலெத் களத்தில் இறங்கினாள். எந்த வரிசையை என்றைக்கு வெட்டுவது, எத்தனை நாள் ஊறவிடுவது, எல்லாம் அவள் சொல். தூக்கியது, மிதித்தது, கழுவியது கிருஷ்ணராசா. ஊர் சிரித்தது. இரண்டு வருடம் கழித்துச் சுவை பார்த்துவிட்டு வாயை மூடிக்கொண்டது. அவள் தன் பாட்டில் செய்த ஒரே வைன் அது. 2003இல் அவள் திடீரென்று செத்துப்போனபோது, நிலவறையில் மிச்சமிருந்த எண்பத்தெட்டு முழுவதையும் கிழவர் அடக்கத்துக்கு வந்த சனத்துக்குத் திறந்து ஊற்றிவிட்டார். கிருஷ்ணராசா அந்த அடக்கத்துக்குப் போகவில்லை. கடையைப் பார்க்க ஆளில்லை என்று சொல்லி ஃபோனிலேயே அழுதுவிட்டு இருந்துவிட்டார்.

இப்போது கிழவருக்கு எண்பத்தாறு. வொத்ரே வீட்டில் ஒரு வழக்கம் இருக்கிறது. தோட்டத்தைப் பிள்ளையின் கையில் கொடுக்கிற வருடம், கொடி பூக்க முன்னம், கொடுக்கிறவர் தனக்குப் பிடித்த ஒரு ஆண்டைச் சொல்லுவார். அந்த ஆண்டுப் போத்தலைத் திறந்து இருவரும் குடிக்க வேண்டும். அதற்குப் பிறகுதான் நிலவறைத் திறப்புக் கொத்து கை மாறும். கிழவர் எண்பத்தெட்டு என்று சொல்லிவிட்டார். அதுதான் ஒன்றும் மிச்சமில்லையே என்று எலீஸ் சொல்ல, “ராசாவிட்டை மூண்டு கிடக்கு” என்றாராம்.

மூன்று கிழமைக்கு முன்னம் எலீஸ் ஃபோனில் கேட்டாள். கிருஷ்ணராசா உள்ளதைச் சொல்லியிருக்கலாம். “பத்திரமா இருக்கு,” என்று அவருடைய வாய் தன் பாட்டில் சொல்லிவிட்டது.

என்ன நடந்தது என்றால், நல்லூர்க் கந்தன் கோயிலில் கொடி ஏறினால் கிரிஜாவுக்கு இருபத்தைந்து நாள் விரதம். யாழ்ப்பாணத்தில் கொடி ஏற, மோர்டனில் சட்டி பானையெல்லாம் கழுவிக் கவிழ்க்கப்படும். மச்சம் மாமிசம் இல்லை, மது வாடையே ஆகாது. புருசன் இரண்டு தெரு தள்ளி ஓஃப் லைசென்ஸ் கடை வைத்து விடிந்தால் பொழுதுபட்டால் பியர் விற்கிறாரே என்று கேட்டுவிடாதீர்கள். அது தொழில். சாமிப்படம் இருக்கிற கூரைக்குக் கீழே ஒரு போத்தல் இருந்தால்தான் குற்றம். ஆகவே ஒவ்வொரு வருடமும் அந்த மரப்பெட்டி வளவில் இருக்கிற ஷெட்டுக்குப் போகும். தேரும் தீர்த்தமும் முடிந்தால் திரும்பி வரும். கடையில் வைக்க அவருக்கு மனமில்லை. வேலைக்கு நிற்கிறவர்கள் நாலு பவுணுக்கு விற்றுத் தள்ளிவிடுவார்கள் என்ற பயம்.

ஐந்து வருடம் ஒரு பிழையும் இல்லை. லண்டன் வெயிலும் ஒரு வெயிலா என்று இருந்தவருக்கு 2003 ஓகஸ்ட் வந்து காட்டியது. முப்பத்தெட்டுப் பாகை. ஷெட்டின் தகரக் கூரை தோசைக்கல்லாய்க் காய்ந்தது. நிலவறையில் ஒரு பாகை கூடினாலே பதறியடித்து ஓடித் திரிந்தவருக்கு அது வைனை என்ன செய்யும் என்று தெரியாதா? நன்றாகத் தெரியும். ஒரு சொல் சொன்னால் கிரிஜாவும் ஒத்துக்கொண்டிருப்பாள். விரத நாளில் என்னத்துக்கு வாக்குவாதம், இன்னும் கொஞ்ச நாள்தானே என்று விட்டுவிட்டார். விரதம் முடிந்து பெட்டியைத் திறந்தால் தக்கைகள் மேலே எழும்பி நின்றன. கழுத்தோரம் பாகுபோல வழிந்து காய்ந்திருந்தது. ஈரத்துணியால் துடைத்து, பெட்டியை மூடி, படிக்குக் கீழே வைத்தார். கிரிஜாவிடம்கூட மூச்சு விடவில்லை.

இந்த மூன்று கிழமையில் அவருடைய மூளை போகாத இடமில்லை. அந்தப் பக்கத்து வேறு வைனை வாங்கி, லேபலை ஊறவைத்துக் கழற்றி ஒட்டினால் என்ன என்றுகூட யோசித்தார். பிறகு தன்னையே தூ என்று சொல்லிக்கொண்டார். எந்த மேட்டில் காய்த்த பழம் என்று ஒரு மிடறில் சொல்லுகிற கிழவரிடம் இந்த வித்தை பலிக்காது.

ஒன்பதரைக்குக் கிரிஜா குளிக்கப் போனாள். மூன்றில் ஒன்றாவது தப்பியிருக்காதா? கிருஷ்ணராசா குசினியில் நின்றபடி ஒரு போத்தலைத் திறந்து கிளாசில் ஊற்றினார். நிறமே செத்துப் போயிருந்தது. வாயில் விட்டார், தீய்ந்த சீனியும் அவிந்த பழமும். தொட்டிக்குள் துப்பினார். துப்பினால் குடித்ததாகாது என்று கிரிஜா எப்போதோ தீர்ப்புச் சொல்லியிருந்தாள். இரண்டாவதைத் திறந்தார். அதுவும் அதே கதைதான். மூன்றாவதைத் தொட அவருக்குத் தைரியம் வரவில்லை. வெட்கத்தில் கண் கலங்கியது. மதாம் கொலெத் தோட்டத்தில் நின்று, “ராசா, இண்டைக்கு வேண்டாம், நாளைக்கு வெட்டுவம்” என்று சொன்னதெல்லாம் இப்படியா போய் முடிய வேண்டும்?

எலீஸ் சொன்ன நேரத்துக்கு வந்தாள். நாற்பது வயதாகிவிட்டது, தாயின் நெற்றி அப்படியே இருந்தது. கிரிஜாவைக் கட்டிப்பிடித்தாள், வடை இரண்டு சாப்பிட்டாள், இரண்டு மணிக்குத் திரும்பிப் போகிற ரயில் என்றாள். பிரெஞ்சில்தான் கதைத்தார்கள். ஆனால் அந்த வீட்டார் பேசுகிற பிரெஞ்சு கிருஷ்ணராசாவின் காதில் எப்போதோ யாழ்ப்பாணத் தமிழாகவே விழத் தொடங்கிவிட்டது.

“அப்பா பத்து நாளா மேசையிலை ரெண்டு கிளாசை எடுத்து வைச்சிட்டார்,” என்றாள் எலீஸ். “தினமும் துடைக்கிறார். எங்கை, காட்டுங்கோ பாப்பம்.”

“நாங்கள் கண்ணுக்குள்ளை வைச்சுப் பாத்தனாங்கள், பிள்ளை,” என்றாள் கிரிஜா பெருமையாக.

கிருஷ்ணராசா எழும்பவில்லை.

“எலீஸ், அது கெட்டுப்போச்சு.”

இரண்டு பெண்களும் அவரைப் பார்த்தார்கள். அவர் எல்லாவற்றையும் சொன்னார். ஷெட், தகரம், தக்கை, ஈரத்துணி, காலையில் திறந்த இரண்டு போத்தல். கிரிஜாவின் முகம் சிவந்து, பிறகு வெளிறியது.

“வெளியிலை வைக்கச் சொன்னது நான்தானே,” என்றாள் மெதுவாக.

“நீ வெளியிலை வை எண்டுதான் சொன்னனீ. அந்த வெயில் தெரிஞ்சும் விட்டது நான்.”

எலீஸ் குசினிக்குப் போனாள். திறந்த போத்தலை மோந்தாள், ஒரு மிடறு எடுத்துத் துப்பினாள். திரும்பி வந்தபோது அவளுடைய குரல் மாறியிருந்தது.

“பத்திரமா இருக்கெண்டு ஏன் சொன்னீங்கள், ராசா? அண்டைக்கே சொல்லியிருந்தால் அப்பா வேறை ஆண்டு கேட்டிருப்பார். இப்ப அந்த ரெண்டு கிளாசையும் வைச்சுக்கொண்டு இருக்கிற மனுசனுக்கு நான் போய் என்னத்தைச் சொல்லுறது?”

அவள் கைபேசியை எடுத்து இலக்கத்தை அழுத்தி, அவருடைய கையில் வைத்தாள்.

“என்னாலை ஏலாது. நீங்களே சொல்லுங்கோ.”

கிருஷ்ணராசா கைபேசியோடு வாசல் பக்கம் போனார். மணி நெடுநேரம் அடித்தது.

“ராசாவோ?” கிழவரின் குரல் மெலிந்திருந்தது, ஏச்சு மட்டும் குறையவில்லை. “எலீஸ் வந்திட்டாளோ? போத்தலை ஆட்டாமல் கொண்டுவரச் சொல்லு. அவள் சூட்கேசை எறியிற ஆள்.”

“முசியே, அந்த வைன் பழுது. என்ரை பிழை. வெயிலுக்கை வைச்சிட்டன்.”

ஏசினாலும் பரவாயில்லை என்று கிருஷ்ணராசா காத்துக்கொண்டு நின்றார்.

“எந்த வெயில்?”

“2003. ஓகஸ்ட்.”

“எத்தினை நாள்?”

“இருபத்தஞ்சு நாள். தகரக் கூரைக்குக் கீழை. கொஞ்ச நாள்தானே எண்டு நினைச்சன், முசியே. தெரிஞ்சுகொண்டுதான் விட்டனான்.”

கிழவர் பேசத் தொடங்கியபோது குரல் தணிந்திருந்தது.

“அந்த முறை ஓகஸ்ட் பன்னிரண்டிலேயே பழம் வெட்டத் தொடங்கினம். அப்பிடி ஒருக்காலும் வெட்டினதில்லை. கொடியிலேயே கருகுது. வீட்டிலை ஒருதரும் இல்லை, எல்லாரும் தோட்டத்திலை. கொலெத் மேல் அறையிலை படுத்திருந்தவள். மேலை வெக்கையா இருக்கு, கீழை கூட்டிக்கொண்டு போங்கோ எண்டு சொன்னவள். கொஞ்சம் பொறு, இன்னும் ரெண்டு வரிசைதான் எண்டு சொல்லிப்போட்டுப் போனனான். பின்னேரம்தான் ஏறிப் பாத்தனான்.”

கிருஷ்ணராசா எலீஸ் இருந்த அறைக் கதவை மெதுவாகச் சாத்தினார்.

“டொக்டர் இதயம் நிண்டு போச்சு எண்டு எழுதினார். எலீசுக்கும் அதைத்தான் சொன்னனான். இண்டு வரைக்கும் அவளுக்கு அவ்வளவுதான் தெரியும்.”

“முசியே...”

“திறக்காத போத்தல் கிடக்கோ?”

“ஒண்டு கிடக்கு. ஆனால் வாயிலை வைக்கேலாது.”

“அதைக் குடுத்து விடு,” என்றார் கிழவர். “கொலெத்தும் அந்த வெயிலுக்கைதான் கிடந்தவள். எனக்கு அது போதும்.”

தொடர்பு அறுந்தது. கிருஷ்ணராசா படிக்குக் கீழே குனிந்து, மரப்பெட்டியிலிருந்து கடைசிப் போத்தலை இரண்டு கையாலும் தூக்கினார். எலீஸ் பின்னால் வந்து நின்றாள்.

“அப்பா என்ன சொன்னவர்?”

அவர் உடனே நிமிரவில்லை. முகத்தைத் தோளில் துடைத்துக்கொண்டு, போத்தலை அவளிடம் நீட்டினார்.

“குடிப்பாராம்,” என்றார்.