தொப்பியைக் கழற்றச் சொன்ன வாசல்

அவன் முடி திருத்துபவன். மற்றவர்கள் ஓர் ஆளைப் பார்த்தால் முதலில் முகத்தைப் பார்ப்பார்கள். அவன் கண் நேரே உச்சந்தலைக்குப் போய்விடும். தொழில் புத்தி, என்ன செய்வது! பெண் கேட்கப் போன அன்று வருங்கால மாமனாரின் தலையை ஒரு கணம் கூடுதலாகப் பார்த்துத் தொலைத்துவிட்டான். அவர் தலையில் இருந்தது விக். அதுகூடப் பரவாயில்லை, உலகத்தில் எத்தனையோ பேர் வைத்துக்கொள்கிறார்கள். ஆனால் மனுஷன் அதை முன்பின் மாற்றி வைத்திருந்தார். பிடரியில் கிடக்க வேண்டிய முடி நெற்றியில் கிடந்தது.

மாமனார் மூக்குக் கண்ணாடிக் கடை வைத்திருப்பவர். கடையின் நாலு சுவரிலும் முகம் பார்க்கும் கண்ணாடி. அத்தனையிலும் தினமும் தன்னைப் பார்த்துக்கொண்டும் அவருக்குத் தெரியவில்லை. வீட்டில் யாருக்கும் சொல்லத் துணிச்சல் இல்லை. அவர் கோபம் அப்பேர்ப்பட்டது. மகளைக் கட்டிக் கொடுத்தார், மருமகனோடு மட்டும் பேச்சு வார்த்தையே கிடையாது. எதிரே உட்கார்ந்து சாப்பிடும்போதுகூட, "உன் வீட்டுக்காரருக்கு இன்னும் கொஞ்சம் வேணுமான்னு கேளு" என்று மகளிடம்தான் சொல்வார். அவர் வாயால் ஒரே ஒரு தடவை 'மாப்பிள்ளை' என்று கூப்பிட்டுவிட மாட்டாரா என்று அவன் ஏங்கிக்கொண்டிருந்தான்.

நகரத்தின் நடுவே மலை, மலைமேல் அந்தப் பெரிய தேவாலயம். எங்கெங்கோ இருந்து ஆட்கள் வந்து படம் எடுத்துக்கொண்டு போகிறார்கள். காலமெல்லாம் அதே நகரத்தில் குடியிருந்த மாமியார் மட்டும் மேலே போனதில்லை. முழங்கால் வலி, கடையில் கூட்டம் என்று மாமனார் ஒவ்வொரு தடவையும் எதையாவது சொல்லித் தட்டிக்கழிப்பார். மலைமேல் அடிக்கும் காற்றுதான் காரணம் என்று மருமகன் எப்போதோ யூகித்துவிட்டான். இந்தப் பிறந்தநாளுக்கு மாமியார் ஒரே பிடியாக நின்றாள்.

"நீங்க பக்கத்துல நிக்கணும், நான் ஒரு மெழுகுவத்தி ஏத்தணும். வேற என்ன கேட்டேன் உங்ககிட்ட?"

கொளுத்துகிற வெயிலில், காதுவரை இழுத்துவிட்ட கம்பளித் தொப்பியோடு மாமனார் கிளம்பினார். படியேற ஏறக் காற்று பேயாட்டம் போட்டது. ஓர் அம்மாளின் குடை வானத்தைப் பார்த்து விரிந்துகொண்டது. மாமனாரோ சண்டையில் ஜெயித்தவர் மாதிரி நெஞ்சை நிமிர்த்தி நடந்தார்.

தேவாலய வாசலில் காவலாளி கையை நீட்டினார். "சார், உள்ளே தொப்பி போடக் கூடாது. கழட்டிடுங்க."

மாமனார் முகம் பேயறைந்தது போலானது. வியர்வையில் தொப்பியும் விக்கும் ஒட்டிப்போயிருக்கும், ஒன்றைக் கழற்றினால் இன்னொன்றும் கூடவே வரும். மருமகனுக்குச் சட்டென்று விளங்கிவிட்டது.

"நீங்க போங்க. நான் வெளியவே இருக்கேன்" என்றார் மாமனார்.

மாமியாரின் கண் கலங்கியதைப் பார்த்து, மகள் அவள் கையைப் பிடித்து உள்ளே கூட்டிப்போனாள். மருமகன் பின்தங்கினான். காலையிலேயே எதற்கும் இருக்கட்டும் என்று சட்டைப்பையில் போட்டு வந்த, இரண்டு பக்கமும் ஒட்டும் டேப்பை வெளியே எடுத்தான்.

"மாமா, அந்தத் தூணுக்குப் பின்னாடி காத்து வராது. ரெண்டு நிமிஷம் வாங்க."

மாமனார் டேப்பைப் பார்த்தார். அவனைப் பார்த்தார். தூணுக்குப் பின்னால் போனதும் வாயைத் திறந்தார்.

"எப்பலேர்ந்து தெரியும்?"

"பொண்ணு கேக்க வந்த அன்னிக்கே."

"அதான் அப்படி முறைச்சியா? நான் உன்னைத் திமிர் பிடிச்ச ஆளுன்னு நினைச்சேன்."

"முறைக்கல மாமா. முன்பக்கம் பின்னாடி இருந்துச்சு. அதான் கண்ணு போயிடுச்சு."

"முன்பக்கம் பின்னாடியா! வீட்ல தெரியுமா?"

"எல்லாருக்கும் தெரியும்."

"கடையில?"

"கண்ணு சரியாத் தெரியலைன்னு வர்றவங்களுக்குக்கூடத் தெரியும் மாமா."

"அடப்பாவி! நீயாவது சொல்லியிருக்கலாமேய்யா!"

"நீங்கதான் என்கூடப் பேசறதே இல்லையே."

"சரி, இப்ப பேசறேன்ல. உண்மையைச் சொல்லு. இதை நேரா வெச்சா எனக்கு நல்லா இருக்குமா?" என்றார் மாமனார்.

ஆமாம் என்று மருமகன் ஒரு வார்த்தை சொன்னால் போதும், இத்தனை நாள் ஏங்கியது கைக்கு வந்துவிடும். பொய் நாக்கு நுனிவரை வந்தது. ஆனால் தலை விஷயத்தில் மட்டும் அவனுக்குப் பொய் சொல்ல வராது.

"இல்ல மாமா. எப்படி வெச்சாலும் நல்லா இருக்காது."

மாமனார் முறைத்தார். போச்சு, எல்லாம் போச்சு என்று அவன் நினைக்கும்போதே தொப்பியைப் பிடித்து ஒரே இழுப்பாக இழுத்தார். இரண்டும் சேர்ந்து வந்தன. வியர்த்துக் கிடந்த வழுக்கையில் காற்று பட்டதும், "அப்பாடா!" என்று கண்ணை மூடிக்கொண்டார்.

"இதைப் பிடிங்க மாப்பிள்ளை" என்று இரண்டையும் அவன் கையில் திணித்துவிட்டு விறுவிறுவென்று உள்ளே நடந்தார்.

கேட்டது நிஜம்தானா என்று நம்ப முடியாமல் பின்னாலேயே ஓடிய மருமகனைக் காவலாளி தடுத்தார். "கையில என்ன சார்? பூனையெல்லாம் உள்ளே விட மாட்டோம்." அவன் அவசரமாக அதைச் சட்டைக்குள் செருகிக்கொண்டு நுழைந்தான்.

மாமியார் ஏற்றாத மெழுகுவத்தியோடு அப்படியே நின்றுகொண்டிருந்தாள். காலடிச் சத்தம் கேட்டுத் திரும்பினாள். கணவரின் தலையைப் பார்த்தாள், முகத்தைப் பார்த்தாள். பிறகு அவர் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

"வந்துட்டீங்களா? எத்தனை வருஷமாச்சு உங்களைப் பாத்து!"