யாரும் கேட்காத மூன்று பக்கம்

ஏரிக்கரை மீனவ ஊரான பசியாவரத்தில் பதினெட்டு வருஷம் பாடு பிரித்துக் கொடுத்தவர் வரதன். ஏரி ஊருக்குப் பொது. ஆனால் எந்த நாளில், எந்த இடத்தில், யார் வலை போடுவது என்று சீட்டெடுத்து முறை வைப்பார்கள், அதுதான் பாடு. அடுத்தவன் முறையில் வலை இறக்கியவன் எவனானாலும் ஊர்ச்சபையில் கைகட்டி நிற்க வேண்டும்.

இப்போது அவர் மகள் வைஷ்ணவியையே கதைத் திருடி என்று இணையத்தில் ஒருத்தன் எழுதிவிட்டான். செல்போனில் அவள் தொடராக எழுதிய மாயக்கதை புத்தகமாக வரவிருந்தது. ஏரிக்கடியில் ஒரு நகரம், அதைக் காக்கும் பறக்கும் பாம்பு, இரண்டும் வேறொரு நாவலில் இருப்பவை என்பது குற்றச்சாட்டு. வெள்ளிக்கிழமைக்குள் விளக்கம் கேட்டிருந்தது பதிப்பகம்.

படகுத்துறையில் வரதன் விட்டுக்கொடுக்கவில்லை. தண்ணீருக்கடியில் ஊர் இருக்கிறது என்ற கற்பனைக்கு எவனும் பதிப்புரிமை கேட்க முடியாது, எழுதிய எழுத்துக்குத்தான் உரிமை, என் மகள் எழுத்து அவளுடையது என்று எல்லோர் காதிலும் விழும்படி சொன்னார். தங்கவேல் மட்டும் வலையை உதறியபடி, "ஒம் பொண்ணு யார் முறைப்பாட்டுல வலை போட்டுச்சோ, இன்னா கண்டோம் மாமா" என்றான்.

அந்தப் பேச்சு தாங்காமல்தான் மீஞ்சூர் நூலகத்திலிருந்து அந்த நாவலை வாங்கி வந்து, மகள் கதையையும் அதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படித்தார். நகரம் வேறு, பாம்பு வேறு. நிம்மதியாக மூடப்போன நேரத்தில் அந்த நகரத்தின் கதவைத் திறக்கும் சடங்கு வந்தது. மூன்று பக்கம், வரிக்கு வரி அதே.

மகளைக் கூப்பிட்டுக் காட்டினார். அவள் முகம் வெளுத்தது. பள்ளிக்கூட நாளில் பிடித்த பக்கங்களை நோட்டில் எழுதிவைப்பாளாம். பிறகு எடுத்துப் பார்த்தபோது தன் எழுத்தென்றே நினைத்துவிட்டாளாம்.

"பழி சொன்னவனே இத பாக்கல, நைனா. அவன் கேட்டதுக்கு மட்டும் பதில் போட்டுட்டு, இத கமுக்கமா மாத்தி எழுதிடறேன்."

அதுதான் வழி என்று அவருக்கும் தோன்றியது. தோன்றியதே அவரைச் சுட்டது. அடுத்தவன் முறையில் வலை போட்டுவிட்டு, வலையை எடுத்துவிட்டேனே, அப்புறம் என்ன என்று சபையில் கேட்ட சொந்தத் தம்பியை அவர் விட்டதில்லை. இன்றுவரை அவன் இவரோடு பேசுவதில்லை.

"நகரத்துக்கு இல்லன்னு எழுது. இந்த மூணு பக்கத்துக்கு ஆமான்னு எழுது."

"புக்கு வராது, நைனா."

"தெரியும்."

அவள் அழுதுகொண்டே எழுதி அனுப்பினாள். வரதன் சட்டையை மாட்டினார். துறையில் சொன்னதைத் துறையில்தான் திருத்த வேண்டும். தங்கவேல் இன்னும் அங்கே இருப்பான். நூலகப் புத்தகத்தைக் கையில் எடுத்துக்கொண்டு படி இறங்கினார்.