வராத ரிமோட்

கீக், கீக் என்று இரண்டு முறை, மஞ்சள் விளக்குகள் சிமிட்ட, போர்டிகோவில் நிற்கும் கார் கத்துகிறது, மதியம் மூன்று மணி, மதிலுக்கு அந்தப் பக்கம் யாரோ பட்டனை அழுத்துகிறார், யாரோ என்ன யாரோ, என் வீட்டுக்காரர்தான், இன்னொரு ரிமோட் வேறு யாரிடம் இருக்கிறது, எட்டு மாதம் முன்பு சண்டையில் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு போனாரே, போனா இந்தக் கேட்டைத் தாண்டித் திரும்ப உள்ள வராதீங்க என்று நான்தான் கத்தினேன், அந்த மனுஷனும் அதையே பிடித்துக்கொண்டு ஞாயிறுதோறும் இதே நேரம் வெளியில் நின்றே அழுத்திவிட்டுப் போகிறார், அம்மா, அப்பா வந்துட்டாரு என்று நித்திலா ஓடுவாள், ஆறு வயது, கையைப் பிடித்து உட்கார வைப்பேன், நான் மட்டும் இறங்கிப் போவேனா, வீராப்பில் அவருக்கு ஒரு படி மேல் நான், அப்புறம் என் ரிமோட் நைட்டியோடு வாஷிங் மெஷினில் போய்ச் செத்தது, போன செவ்வாய் காலையில் நித்திலாவுக்கு வீசிங், உதடெல்லாம் நீலம், சாவி போட்டுத் திறந்தால் அலாரம் ஊரைக் கூட்டுகிறது, எஞ்சின் ஸ்டார்ட் ஆகவில்லை, பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஆட்டோவுக்கு ஓடினேன், கடவுளே, நல்லவேளை பிழைத்துக்கொண்டாள்.

புது ரிமோட் வாங்கினேன், கடைக்காரர் பொன்னுசாமி வீட்டுக்கே வந்து காருக்குள் உட்கார்ந்திருக்கிறார், மேடம், இன்னொன்னு இருந்தா அதையும் கொண்டாங்க, புதுசக் காருக்குப் பழக்கறப்ப பழசெல்லாம் அழிஞ்சு போயிருமுங்க, கூட வராத ரிமோட்டு அதோட செத்துதுங்க என்கிறார், அது அவருகிட்ட இருக்குதுங்க என்கிறேன், அட, ஒரு போன் போடுங்க, சார் கொண்டாந்து குடுத்துட்டுப் போறாருங்க, போன் போடுவதா, நானா, செல்லை எடுத்தேன், அவர் பெயர் வரைக்கும் போனேன், விரல் நகரவில்லை, அடுத்த முறை வந்து அழுத்துவார், கார் பேசாது, கேட்டைச் சாத்தியவள் இதையும் சாத்திவிட்டாள் என்று நினைப்பார், அப்புறம் வரவே மாட்டார், எனக்குப் பயமாக இருந்தது, நித்திலாவின் நீல உதடு அதைவிடப் பயமாக இருந்தது, பழக்கிருங்க என்றேன், சாரோடது வேண்டாங்களா, வேண்டாங்க, ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை.

இன்று ஞாயிறு, மூன்று மணி தாண்டிவிட்டது, கார் சும்மா நிற்கிறது, அவர் வரவில்லையா, வந்து அழுத்தி அழுத்திப் பார்த்துவிட்டுத் திரும்பிவிட்டாரா, எனக்கு எப்படித் தெரியும், செருப்புகூடப் போடாமல் ஓடிக் கேட்டைத் திறக்கிறேன், தெருக்கோடியில் ஒருவர் முதுகைக் காட்டிக்கொண்டு நடக்கிறார், அவர்தானா, தெரியவில்லை, வெயிலில் கண் கூசுகிறது, ஏனுங்க, நில்லுங்க, நில்லுங்க என்று எதிர்வீட்டு ஜன்னல்கள் திறக்கும்வரை கத்துகிறேன்.