லத்தீப்பின் ஒன்பதாவது கோப்பை

திண்டுக்கல் தோல் வியாபாரி அப்துல் லத்தீப், 1954 தொடங்கி எட்டு ஆண்டுகளாக ஊர் கிளப்பின் டென்னிஸ் சாம்பியன். கோப்பை வாங்கியவர் மறுநாள் மதியம் கிளப்பில் எல்லாருக்கும் வீட்டுச் சாப்பாடு போடவேண்டும் என்பது அங்கே வழக்கம். லத்தீப் வீட்டுச் சாப்பாடு என்றால் சீரகச் சம்பா பிரியாணி. யாரையும் நம்பாமல் அவர் மனைவி ஜெய்தூன் பீவியே அடுப்படியில் நின்று இறக்குவார். முதல் வருடத்துக் கோப்பை, அரிசி அளக்க அரிசிப் பானைக்குள் கிடந்தது.

1962இல் சாம்பியனுக்கு ஐம்பத்திரண்டு வயது. இரண்டு முழங்காலிலும் தைலம் மணத்தது. இறுதி ஆட்டத்துக்குக் கிளம்பும்போது ஜெய்தூன் சொன்னார்:

"இந்த வருசமாச்சும் தோத்துட்டு வாங்க. என் இடுப்பு தாங்காது."

லத்தீப்புக்கும் சம்மதமே. பெருந்தன்மையாகத் தோற்பதும் ஒரு சாம்பியனுக்கு அழகு என்று எண்ணிக்கொண்டு போனார்.

எதிரே ஆடியவர் தபாலாபீஸ் அந்தோணிமுத்து, முப்பது வயது. லத்தீப் முதல் பந்தை வேலிக்கே அடித்தார். நடுவராக இருந்த கிளப் காரியதரிசி, பந்து கோட்டுக்குள் விழுந்ததாகத் தீர்ப்பளித்தார். லத்தீப் ஒரு பந்தை வலையில் அடித்தால் அந்தோணிமுத்து இரண்டை அடித்தார். வெயில் சாயும்வரை இதே பாடு. கடைசியில் லத்தீப் வலையருகே போய் நின்றார்.

"தம்பி, செத்த நேரம் ஒழுங்கா ஆடேன். எனக்கு ஏலல."

"நீங்க ஜெயிங்க பாய். நாளைக்கு உலை வைக்க வேண்டாம்னு வீட்ல சொல்லிட்டு வந்துட்டேன்."

1957இல் தம்முடைய ஓர் அடிக்கு எதிரே ஆடிய வக்கீல் மலைத்து நின்றதை லத்தீப் ஊரெல்லாம் சொல்லியிருந்தார். வக்கீல் மலைக்கவில்லை, பசித்திருந்தார் என்று இப்போதுதான் புரிந்தது.

ஒன்பதாவது கோப்பையோடு வீடு திரும்பினார். ஜெய்தூன் அதைப் பார்க்கக்கூட இல்லை.

"எம்புட்டுப் பேரு?"

"நாப்பது."

மறுநாள் பிரியாணியில் உப்பு இரண்டு கை கூடியிருந்தது. நாற்பது பேரும் தண்ணீர் குடித்தே வயிற்றை நிரப்பினார்கள்.

அடுத்த ஆண்டு லத்தீப் முதல் சுற்றிலேயே ஒரு கேம்கூட எடுக்காமல் தோற்றார். கோப்பை அந்தோணிமுத்துவுக்குப் போனது. விளையாட்டுக்கு இளரத்தம் வேண்டும் என்று காரியதரிசி பேசினார். அந்தோணிமுத்துவின் மனைவி செபாஸ்தியம்மாள் வைக்கும் ஆத்தூர் அணை மீன்குழம்பைப் பற்றி அவருக்கு முன்பே தகவல் வந்திருந்தது.

"தோத்தாச்சா?" என்று கேட்டார் ஜெய்தூன்.

"தோத்தாச்சு." லத்தீப் முழங்காலைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். "இந்தத் தடவ நெசமாவே ஆடிப் பாத்தேன்."

ஜெய்தூன் பானைக்குள்ளிருந்து கோப்பையை எடுத்து, இரண்டு பேருக்கு மட்டும் அரிசி அளந்தார்.