வளவனின் மீசை

வண்டியைக் கிளப்புவதற்கு முன் கண்ணாடியைத் திருப்பி வைப்பதே தினமும் எனக்கு ஒரு வேலையாகிவிட்டது. பின்னால் வருகிற பஸ் தெரியவேண்டிய கண்ணாடியை வளவன் தன் மீசையைப் பார்க்கத் திருப்பி வைத்திருப்பான். வளவன் என் காவல்தேவன். எல்லாருக்கும் ஒருத்தர் உண்டாம். எனக்கு மட்டும் என்னுடையவன் கண்ணுக்குத் தெரிகிறான். பட்டு வேட்டி, முறுக்கு மீசை, முதுகில் வெள்ளைச் சிறகு. என் தலையெழுத்து!

அடி அண்ணாமலையிலிருந்து வந்து ரமணாசிரமம் பக்கத்து விடுதிகளுக்குச் சாப்பாடு கொண்டுபோய்க் கொடுப்பது என் பிழைப்பு. போன மாதம் ஆளில்லாத சந்தில் ஒரு நாய் துரத்திவந்து காலைக் கடித்தது. காவல்காரன் பின்சீட்டில் மீசை முறுக்கிக்கொண்டிருந்தான். ஆனால் பௌர்ணமி கிரிவலத்தில் நான் தடுக்கி விழப்போனபோது பாய்ந்து பிடித்தான். ஏன் தெரியுமா? மலையோரத்தைத் தேவர்களுக்கும் சித்தர்களுக்கும் விட்டுவிட்டு, நாம் இடப்பக்கமாக நடப்பது வழக்கம். அந்தப் பக்கம் அவன் ஆட்கள் பார்த்துக்கொண்டிருந்தார்களாம். பிடித்தவன் விடாமல், கல்யாண போட்டோவுக்கு நிற்கிற மாப்பிள்ளை மாதிரி நின்றான். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"நாய் கடிச்சப்போ எங்க போன?"

"ஏம்மா கவியா, அங்க பாக்கறதுக்கு யாரு இருந்தா?" என்றான், கூச்சமே இல்லாமல்.

"நான் இருந்தேன்யா!"

நாம் வாய்விட்டுப் 'போ' என்று சொன்னால் காவல்தேவன் போயே தீரவேண்டும். அப்புறம் வேறு யாரும் வரமாட்டார்கள். பரவாயில்லை, சொல்லிவிடுவது என்று முடிவு செய்தேன்.

ஒரு மத்தியானம் செங்கம் ரோட்டுக்குப் பின்னால் ஒரு சந்தில், கொட்டுகிற மழையில் வண்டி நின்றுபோனது. தள்ளிக்கொண்டே ஆரம்பித்தேன். "இத பாரு வளவா, இன்னியோட போதும். நீ..."

மீதியைச் சொல்வதற்குள் வேப்பங்கிளை ஒன்று முறிந்து, கரண்டு கம்பியை அறுத்துக்கொண்டு விழுந்தது. கம்பி நேராக என் தலைக்கு வந்தது. வளவன் அதை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டான். சிறகு பொசுங்குகிற நாற்றம் அடித்தது. கரண்டு நிற்கும்வரை அவன் கம்பியை விடவேயில்லை.

பிறகு முகத்தைப் பொத்திக்கொண்டு கேட்டான்: "யாராவது பாத்தாங்களா?"

உயிர் போய் வந்திருக்கிறது, இவனுக்கு இது! "ஒருத்தரும் பாக்கல! இப்பவும் அதான் உனக்குக் கவலையா?"

"அப்பாடா" என்று கையை எடுத்தான். மீசை மொத்தமும் கருகிப்போயிருந்தது.

அன்றிலிருந்து கண்ணாடி நான் வைத்த இடத்திலேயே இருந்தது. எனக்கு அது பிடிக்கவில்லை.

அடுத்த பௌர்ணமிக்கு வரமாட்டேன் என்று அடம்பிடித்தான். விடாமல் கூட்டிக்கொண்டு போனேன். மலையோரம் போகாமல், ஜனங்களுக்கு நடுவில் என் முதுகை ஒட்டி நடந்தான். பாதி வழியில் தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டான்.

"என்னா?"

"சிரிக்கிறாங்க."

எனக்கு அந்தப் பக்கம் ஒருத்தரும் தெரியவில்லை. இருந்தால் என்ன? திரும்பி நின்று கத்தினேன். "யாருய்யா சிரிக்கிறது? எனக்காகப் போன மீசை இது! உங்கள்ல ஒருத்தருக்காவது போயிருக்கா?"

அரோகரா சொல்லிக்கொண்டு வந்தவர்கள் இரண்டடி விலகி நின்றார்கள். ஒரு அம்மா அவசரமாக என் நெற்றியில் விபூதி பூசினாள்.

வளவன் என் காதருகே குனிந்தான். "மெதுவாம்மா. எல்லாரும் பாக்கறாங்க."

"பாக்கட்டும்யா!"