கோபுரத்தடியில் மாமியாரும் மாப்பிள்ளையும்

இன்றைக்கும் ஒரு பழைய ஊர் என்றதும் வள்ளித்தாய்க்கு அழுகையே வந்துவிட்டது. ஆடித்தபசுத் திருவிழா முடிந்த கையோடு சங்கரன்கோவிலிலிருந்து கிளம்பி, ஜெர்மனி வரைக்கும் விமானம் ஏறி வந்தது இதற்குத்தானா? வந்த நாளிலிருந்து மகள் தேன்மொழியும் மாப்பிள்ளை வெங்கடேஷும் அவளைக் காரில் ஏற்றி ஊர் ஊராகக் கொண்டுபோய் இறக்குகிறார்கள். ரோத்தன்பர்க் என்றார்கள், பாம்பெர்க் என்றார்கள். எல்லா ஊரிலும் அதே மதில், அதே சிவப்பு ஓட்டுக்கூரை, காலைப் பதம் பார்க்கிற அதே கல் பாவிய தெரு. இது ஐந்நூறு வருசத்து வீடு, அது அறுநூறு வருசத்து வீடு என்று தேன்மொழி கைநீட்டிச் சொல்லும்போதெல்லாம், இருந்துட்டுப் போகட்டும், அதுக்கு நான் என்ன செய்ய என்று மனதுக்குள் முணுமுணுத்துக்கொள்வாள். சங்கரநாராயணர் கோயில் கோபுரத்தைப் பார்த்து வளர்ந்தவளிடம் பழங்கட்டடத்தைக் காட்டிப் பெருமை பேசினால் எரிச்சல் வராமல் என்ன செய்யும்?

அவள் வந்தது ஒரே காரியத்துக்காக. சித்திரைக்குப் பிறகு மகளின் குரல் சரியில்லை. போனில் கேட்டால், "நல்லாருக்கேம்மா" என்று சொல்லி வைத்துவிடுவாள். அந்த 'நல்லாருக்கேன்' நல்லாயில்லை என்று பெற்றவளுக்குத் தெரியாதா? பனவடலிசத்திரத்து வயலையும் மாடுகளையும் கணவர் மருதப்பன் தலையில் கட்டிவிட்டுப் புறப்பட்டாள். மகளை முன்னால் உட்காரவைத்து, தலைக்கு எண்ணெய் தேய்த்துக்கொண்டே, "என்னட்டி ஆச்சு?" என்று கேட்க வேண்டும். அதற்குத்தான் நேரம் கிடைக்கவில்லை. விடிந்ததும் மகள் ஷூவை மாட்டிக்கொண்டு நிற்கிறாள். திரும்பி வந்தால், "அலுப்பா இருக்கும்மா" என்று அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொள்கிறாள்.

மாப்பிள்ளையிடம் சொல்லலாம் என்றால் அதற்கும் வழியில்லை. அவர்கள் வீட்டு வழக்கத்தில் மாமியார் மாப்பிள்ளையின் முகம் பார்த்துப் பேசக் கூடாது. கல்யாணமாகி மூன்று வருசத்தில் நேருக்கு நேர் ஒரு வார்த்தை பேசியதில்லை. எதுவானாலும் மகள் வழியாகத்தான் போக வேண்டும். வாசுதேவநல்லூர்க்காரனான வெங்கடேஷும் அதை மதித்து, ஏதாவது சொல்லவேண்டியிருந்தால் சுவரைப் பார்த்துச் சொல்லுவான்.

முந்தின நாள் அடுப்படியில் வைத்து மகளிடம் கெஞ்சினாள். "ஏட்டி, மாப்ளைட்ட சொல்லு. எனக்கு முட்டு வலிக்கு. நாளைக்கு ஒரு நாளு வீட்ல இருப்போம்."

"சொல்லுதேம்மா."

காலையில் பார்த்தால் கார் தயாராக நின்றது. "சொன்னியாட்டி?"

"சொன்னேன். அவங்க கேக்க மாட்டேங்காங்க."

நல்ல மாப்பிள்ளையைப் பிடித்தோம் என்று வள்ளித்தாய் வழி நெடுகப் பல்லைக் கடித்துக்கொண்டு வந்தாள். வயசான மனுஷிக்குக் கால் வலிக்குமே என்ற நினைப்பு வேண்டாமா அவனுக்கு?

நோர்ட்லிங்கன் என்ற அந்த ஊருக்கு நடுவில் ஒரு சர்ச்சும், அதற்கு உயரமான ஒரு கோபுரமும் இருந்தன. "நான் மேல ஏறிட்டு வாரேன். நீ இங்கன இரி" என்று தேன்மொழி, யாரோ துரத்துகிற மாதிரி உள்ளே ஓடினாள். வள்ளித்தாய் பெஞ்சில் உட்கார்ந்து முழங்காலைத் தடவினாள். வெங்கடேஷ் தள்ளி நின்றான். கொஞ்ச நேரம் கழித்து, எதிரே இருந்த கடையைப் பார்த்துச் சொன்னான்.

"அத்தைக்குக் கால் வலிக்கும்போல. ஒரு நாளாவது வீட்ல இருப்போம்னு நேத்துகூடத் தேனுகிட்ட சொன்னேன். அத்தைதான் எல்லா ஊரையும் பாத்தே ஆகணும்னு பிடிவாதமா நிக்காங்கன்னு சொன்னா."

வள்ளித்தாய்க்குத் தூக்கிவாரிப் போட்டது. நானா? நானா நின்றேன்? அண்ணாந்து பார்த்தாள். கோபுரத்து உச்சியில் மகளின் நீலச் சட்டை தெரிந்தது. அங்கே மேலே போய் நிற்பவள் ஊரைப் பார்க்கப் போகவில்லை என்பது அப்போதுதான் விளங்கியது. வழக்கமாவது மண்ணாவது என்று மாப்பிள்ளையின் முகத்தை நேராகப் பார்த்தாள்.

"மாப்ளே, எம் மவளுக்கு என்ன ஆச்சு?"

அவன் திடுக்கிட்டுத் திரும்பினான். சற்று யோசித்துவிட்டு, பெஞ்சின் மறுகோடியில் வந்து உட்கார்ந்தான்.

"உங்ககிட்ட சொல்லக் கூடாதுன்னு சத்தியம் வாங்கியிருக்கா அத்தை." "சித்திரையில கரு கலைஞ்சு போச்சு. மூணு மாசம். உங்களுக்குச் சொல்லலாம்னு இருந்தோம், அதுக்குள்ள... எங்கிட்டயும் அதப் பத்திப் பேச மாட்டேங்கா. வீட்ல இருந்தா மூச்சு முட்டுதுங்கா."

"பெத்தவட்ட சொல்லதுக்கு என்ன?"

"போன் பண்ணும்போதெல்லாம் விசேசம் உண்டா, விசேசம் உண்டான்னு கேப்பீங்கல்லா அத்தை. அதுக்குப் பயந்துதான்."

வள்ளித்தாய் கோபுரத்தை மறுபடி அண்ணாந்து பார்த்தாள். ஆமாம், கேட்டாள். ஒரு தடவை விடாமல் கேட்டாள். மகளைத் தேடிக் கடல் தாண்டி வந்திருக்கிறாள், மகளோ அவளுக்குப் பயந்து ஊர் ஊராக ஓடுகிறாள்.

தேன்மொழி மூச்சு வாங்க இறங்கி வந்தாள். எடுத்த படத்தைக் காட்டப் போனை நீட்டி, "மேலருந்து பாத்தா ஊரே வட்டமா இருக்கும்மா. அடுத்த ஊரு பக்கந்தான், டிங்கெல்ஸ்பூல். அரை மணி நேரத்துல போயிரலாம்" என்றாள்.

வள்ளித்தாய் எழுந்தாள். மகளைப் பார்க்கவில்லை. "மாப்ளே, வண்டிய வீட்டுக்கு விடுங்க" என்றாள்.

"சரி அத்தை."

தேன்மொழி அம்மாவையும் கணவனையும் மாறி மாறிப் பார்த்தாள். மூன்று வருசமாகப் பேசாதவர்கள் பேசிவிட்டார்கள். போனை நீட்டியிருந்த கை மெல்லத் தாழ்ந்தது.

"சொல்லிட்டீங்களா?" என்றாள் கணவனிடம். அவன் ஆமாம் என்று தலையாட்டிவிட்டு வண்டியை எடுக்கப் போனான்.

வள்ளித்தாய் மகளின் கையைப் பிடித்தாள். அவளைக் கேட்கத்தான் வந்தாள். கேட்க அத்தனை இருந்தது.

"நான் ஒண்ணும் கேக்க மாட்டேன்ட்டி" என்றாள். "வா."

தேன்மொழி முன் சீட்டில் ஏறாமல், பின்னால் அம்மாவின் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.